செய்தியும் மெய்ப்பாடும்

செய்தித்தாளின் முதற்கடமை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைத்தல் என்பதை யாவரும் ஒப்புவர். எத்தனை வீடுகள் எரிந்தன, தேர்தலில் எவர் வென்றார், ஆற்றில் எத்தனை அடி வெள்ளம் வந்தது என்னும் இவை எண்ணியும் அளந்தும் கேட்டும் தெளியத்தக்கன. ஆயின் வாசகர் இவற்றோடு அமைவதில்லை. வீடிழந்த மக்கள் எந்நிலையில் இருக்கின்றனர், வென்றவர் ஊரில் களிப்பு உண்டோ, வெள்ளம் வடிந்த தெருவில் அச்சம் நீங்கிற்றோ என்றும் வினவுகின்றனர். இவ்வினாக்கள் நியாயமானவையே. நிகழ்ச்சியின் உடலை மட்டும் அறிந்து அதன் உயிரை அறியாதார் அதனை முற்ற அறிந்தவராகார். ஆதலின் மக்களுடைய மனநிலையையும், ஓரிடத்தின் இயல்பையும், ஒரு காலத்தின் போக்கையும் எடுத்துரைத்தல் பத்திரிகையாளர்க்குரிய பணிகளுள் ஒன்றாகின்றது.

அப்பணி எளிதன்று. எரிந்த வீட்டை எண்ணலாம். எரிந்த வீட்டின் முன் நிற்பவனது வருத்தத்தை எண்ணுதல் யாங்ஙனம்? பிறர் நெஞ்சினுட் புகுந்து காணும் கண் எவர்க்கும் இல்லை. அங்ஙனமாகவும், "மக்கள் கொதித்தெழுந்தனர்" என்றும், "நகரமே களிப்பில் ஆழ்ந்தது" என்றும் நாள்தோறும் படிக்கின்றோம். இவ்வாறு எழுதுவோர் எதனைக் கண்டு எழுதுகின்றனர்? எவ்வளவு கண்டபின் எழுதலாம்? தவறாக எழுதிவிடின் அதனால் வரும் கேடு யாது? இவற்றை உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மெய்ப்பாடு என்னும் அளவை

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவி ஒன்றை நம் இலக்கண நூலே தருகின்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல் எனப் பெயர்பெறும். உள்ளத்தே நிகழ்வது உடம்பின்கண் புலப்பட்டுத் தோன்றுதலே மெய்ப்பாடாம். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை ஆசிரியர் வகுத்து, அவை ஒவ்வொன்றும் நான்கு நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்றார். சான்றாக, தெய்வமும் கொடுவிலங்கும் கள்வரும் அரசனும் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் என்பது அவர் கருத்து. இதனால் நாம் அறியக்கிடப்பன இரண்டு. மனநிலை என்பது புறத்தே தோன்றும் அடையாளத்தைக் கொண்டே பிறரால் அறியப்படும் என்பது ஒன்று. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதனையும் உடன் உரைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இன்னும், அகப்பாடல்களில் உரிப்பொருளாகிய ஒழுக்கம் தனித்து நிற்பதன்று. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளும், அந்நிலத்து மரமும் பறவையும் தொழிலுமாகிய கருப்பொருளும் அதற்குத் துணை நிற்கும். பத்திரிகையாளர் மக்கள், இடம், காலம் என வேறு வேறாகக் கருதும் மூன்றும் உண்மையில் ஒன்றினையொன்று விட்டு நில்லா என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் புலவர்க்கும் பத்திரிகையாளர்க்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தலைவியையும் அவள் கண்ணீரையும் புலவர் தாமே படைத்துக்கொள்வர். அது நாடக வழக்கு. பத்திரிகையாளர் எழுதும் மக்களோ மெய்யாகவே ஓரூரில் வாழ்பவர். நாளை அந்தச் செய்தித்தாளைத் தாமே படிக்கத்தக்கவர். காணாத கண்ணீரை அவர் முகத்தில் எழுதுதல் கற்பனை ஆகாது, பொய்ச்சான்று ஆகும்.

மக்கள்: தராசனா, 1930

1930ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் குஜராத்திலுள்ள தராசனா உப்பளத்தின் முன் நிகழ்ந்ததை முதற்கண் நோக்குவோம். காந்தியடிகள் அம்மாதத் தொடக்கத்திலேயே சிறைப்படுத்தப்பட்டிருந்தார். சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் ஏறத்தாழ 2,500 தொண்டர்கள் திரண்டு, அணி அணியாக உப்பளத்தை நோக்கிச் சென்றனர். பூண் கட்டிய தடி ஏந்திய போலீஸார் அவர்களைத் தாக்கினர். யுனைட்டெட் பிரஸ் என்னும் அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நிருபராகிய வெப் மில்லர் அங்கு நின்று அதனைக் கண்டார்.

அத்தொண்டருடைய மனவுறுதியை உலகத்தார்க்கு உணர்த்த வேண்டியவர் அவர். "வீரம் பொங்கிற்று" என்று ஒரு தொடரில் முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்திலர். அடியைத் தடுத்தற்கு ஒருவரேனும் கையை உயர்த்தவில்லை என்று எழுதினார். தடி தலையிற் படும் ஓசையை எழுதினார். தம் முறை வருமளவும் காத்து நின்றோர் ஒவ்வோர் அடிக்கும் முனகி மூச்சை உள்ளிழுத்தமையை எழுதினார். பின்னர்க் காயமுற்றோர் கிடத்தப்பட்ட இடத்திற்குத் தாமே சென்று எண்ணி, 320 பேர் காயமுற்றதையும் இருவர் இறந்ததையும் குறித்தார்.

இங்கே கை உயராமையே மெய்ப்பாடு. "அவர்கள் வீரர்" என்பதை மறுக்க விரும்புவார் மறுக்கலாம். "ஒரு கையும் உயரவில்லை" என்பதை அங்கு நின்ற எவரும் மறுத்தல் இயலாது. அடிபட்டோர் உணர்ச்சியற்ற மரங்கள் அல்லர் என்பதைக் காத்து நின்றோரின் முனகல் தெரிவிக்கின்றது. நோவையும் உறுதியையும் ஒருங்கே காட்டிய அச்செய்தி ஆயிரத்திற்கு மேற்பட்ட பத்திரிகைகளில் வெளிவந்தது. அமெரிக்க செனட் சபையிலும் எடுத்துக்காட்டப்பட்டது.

மில்லரிடம் கற்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. 1936ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அக்காட்சியைக் கண்டபோது தமக்கு உண்டான மனநிலையை அவர் ஒளியாது கூறுகின்றார். அடித்தவர்மீது மட்டுமன்றி, எதிர்க்காமல் அடிபட்டவர்மீதும் தமக்குச் சினமும் வெறுப்பும் எழுந்தன என்கின்றார். இது நமக்கு வியப்பைத் தரலாம். ஆயின் அவ்வெறுப்பு தம்முடையது என்று அவர் அறிந்திருந்தார். அதனைத் தொண்டர் தலைமேல் ஏற்றவில்லை. காண்பவன் நெஞ்சிற் பிறந்ததைக் காணப்பட்டோர் நெஞ்சிற் பிறந்ததாக எழுதிவிடுதல் இத்தொழிலில் மிக எளிதாக நிகழும் பிழை. தன் மனநிலையைத் தான் அறிந்தவனே அப்பிழையினின்று தப்புவன்.

இடம்: இலண்டன், 1940

இனி, ஓரிடத்தின் நிலையை உரைத்தற்கு வேறொரு சான்று காண்போம். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள் இரவு, இலண்டன் மாநகரில் விமானத் தாக்குதலை அறிவிக்கும் சங்கு ஊதிற்று. அமெரிக்க நாட்டுக் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தைச் சார்ந்த எட்வர்டு மரோ அப்போது டிரஃபால்கர் சதுக்கத்தில், புனித மார்ட்டின் ஆலயத்துப் படிகளில் ஒலிவாங்கியுடன் நின்றார். கடலுக்கு அப்பாலிருந்து கேட்போர் அறிய விரும்பியது, இலண்டன் மக்கள் அஞ்சி ஓடுகின்றனரோ என்பதே. மரோ அவ்வினாவிற்குச் சொல்லால் மட்டும் விடை தந்திலர். இருளில் ஒலிவாங்கியைத் தரையை நோக்கித் தாழ்த்தினார். ஆலயத்தின் நிலவறையிலிருந்த புகலிடத்தை நோக்கிச் செல்வோரின் காலடி ஓசை அதில் விழுந்தது. அது ஓடுவோர் காலடி அன்று, நடப்போர் காலடி. அவ்வோசையைக் கேட்டவர் தாமே முடிவு செய்துகொண்டனர்.

சான்று எவ்வளவு சிறிதாயினும் மெய்யாயின் போதும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆயினும், அதன் எல்லையையும் நாம் மறத்தல் ஆகாது. அவ்வோசை ஒரு சதுக்கத்தில், ஓர் இரவில், ஒரு நாழிகையில் எழுந்தது. இலண்டன்மீது பெருந்தாக்குதல் தொடங்கியது அதற்குப் பின், செப்டம்பர் மாதம் 7ஆம் நாளன்று. ஆகவே அக்காலடிகளைக் கொண்டு, "பிரிட்டிஷ் மக்கள் அச்சம் அறியாதவர்" என்று முடித்தல் பொருந்தாது.

அவ்வாறு பொருந்தாது என்பதற்கு அந்நாட்டிலேயே சான்று உண்டு. மக்களுடைய அன்றாடப் பேச்சையும் செயலையும் குறித்துவைத்தற்கென 1937ஆம் ஆண்டில் மாஸ் அப்சர்வேஷன் என்னும் அமைப்பு அங்குத் தோன்றியிருந்தது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு கவெண்ட்ரி நகரம் குண்டுவீச்சால் அழிந்தபின், அவ்வமைப்பினர் அங்குச் சென்றனர். முந்திய இரண்டு மாதங்களில் தாம் எங்கும் கண்டதைக் காட்டிலும் மிகுதியான திகிலின் அடையாளங்களை ஒரு மாலைப்பொழுதிலேயே கண்டதாக அவர்கள் அறிவித்தனர். நடந்து சென்ற காலடியும் மெய். கவெண்ட்ரியின் திகிலும் மெய். இரண்டையும் தத்தம் இடத்தில் தத்தம் நாளோடு வைத்தலே உண்மையாகும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைப்பின் மெய்யே பொய்யாகிவிடும்.

காலம்: பெர்லின், 1914

ஓர் இடத்தைக் காட்டிலும் ஒரு காலத்தின் போக்கை உரைத்தல் கடினம். முதல் உலகப் பெரும்போர் மூண்ட 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மன் மக்கள் அனைவரும் ஒரே உள்ளத்தினராய்ப் போரை மகிழ்ந்து வரவேற்றனர் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் பல எழுதின. பெர்லின் அரண்மனையின் முன் பெருங்கூட்டம் கூடிப் பாடியது உண்மை. அதனைக் கண்டு எழுதிய நிருபர் பொய் கூறினார் அல்லர். ஆயின், அக்கூட்டத்தில் நின்றோர் எவர்? மாணவரும் நகரத்து நடுத்தர வகுப்பினருமே அவருட் பெரும்பாலார். சில நாள்களுக்கு முன், ஜூலை 28ஆம் நாளன்று, சமூக ஜனநாயகக் கட்சியாரின் அழைப்பை ஏற்று அதே நகரில் இலட்சத்திற்கு மேற்பட்ட தொழிலாளர் போர் வேண்டாமென்று கூடியிருந்தனர். போர் வருமென்ற அச்சத்தால் சேமிப்பு நிலையங்களின் வாயில்களில் பணத்தைத் திரும்பப் பெறுவோரும், கடைகளில் உணவுப்பொருள்களை வாங்கிச் சேர்ப்போரும் நெருங்கி நின்றனர். அறுவடைக் காலத்தில் ஆண்மக்களை அனுப்ப நேர்ந்த உழவர் இல்லங்களில் கவலையே மிக்கிருந்தது.

அக்காலத்துச் செய்தித்தாள்கள் பலவற்றைத் திரட்டி ஆராய்ந்த ஜெஃப்ரி வெர்ஹே என்னும் வரலாற்றாசிரியர், இவ்வுண்மைகளை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். அனைவரும் ஒரே உள்ளத்தினராய் மகிழ்ந்தனர் என்பது வரலாறு அன்று, வழிவழி வந்த கட்டுக்கதை என்பதே அவர் முடிபு.

இதனால் வந்த கேடு யாது எனின், கூறுவோம். "1914ஆம் ஆண்டின் ஆவி" என ஒரு பெயர் அம்மனநிலைக்கு இடப்பட்டது. போர் நீண்டு, மக்கள் பசியாலும் இழப்பாலும் வாடியபோது, அவ்வாவியை நினைவூட்டி மேலும் தியாகம் செய்யுமாறு அவர்களைக் கேட்டனர். 1933ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த நாஜிக் கட்சியினரும் தம்மை அதற்கு வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டனர். உணவுக் கடை வாயிலில் கவலையோடு நின்ற பெண், தான் அன்று களித்து ஆடியதாகவே பிற்காலத்துப் பிள்ளைகள் படிக்க நேர்ந்தது. அவள் கவலை, பதிவின்றி அழிந்தது மட்டுமன்று. மாற்றாரால் களிப்பாக மாற்றி எழுதப்பட்டது.

ஒரு சொல்லின் ஆற்றல்

மனநிலையைக் குறிக்கும் ஒரே சொல் எத்துணைத் தொலைவு பரவும் என்பதற்கு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கூறலாம். அக்டோபர் 30ஆம் நாள் மாலை, எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' என்னும் நாவலை நாடகமாக்கி ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடித்தார். செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் வந்திறங்கினர் என்னும் கதை, செய்தி அறிவிப்புப் போல அமைக்கப்பட்டிருந்தது. சிலர் அதனை மெய்யென நம்பி அஞ்சினர்; காவல் நிலையங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் தொலைபேசியில் வினவினர். மறுநாட் காலையில், நாடெங்கும் மக்கள் திகிலுற்று நிலைகுலைந்தனர் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்துகளில் அறிவித்தன.

உண்மையில் அந்நாடகத்தைக் கேட்டோர் எத்துணையர்? அன்றிரவே ஒரு நிறுவனம் 5,000 இல்லங்களைத் தொலைபேசி வாயிலாக வினவியிருந்தது. அந்நிகழ்ச்சியைக் கேட்பதாகக் கூறியோர் நூற்றுக்கு இருவரே. ஜெஃபர்சன் பூலி, மைக்கேல் சொக்கலோ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2013ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டி, நாடளாவிய திகில் என்பது பத்திரிகைகளால் மிகைப்படுத்தப்பட்டது என்று விளக்கினர். அக்காலத்தில் வானொலி விளம்பர வருவாயைப் பத்திரிகைகளிடமிருந்து பறித்து வந்தது. ஆதலின் வானொலி நம்பத்தகாதது என்று காட்டுதல் பத்திரிகைகளுக்கு ஊதியமாகவும் இருந்தது என்பது அவர் கருத்து. இங்கும் முழுப்பொய் எவரும் கூறினார் அல்லர். ஆங்காங்கு நிகழ்ந்த சிறுசிறு நிகழ்ச்சிகளைத் தொகுத்து, "திகில்" என்னும் ஒரு நூலிற் கோத்தனர். மணிகள் சில மெய், நூல் பொய்.

சிலரைக் கொண்டு பலரை உரைத்தல்

அங்ஙனமாயின், பெருந்திரளான மக்களுடைய மனநிலையை எழுதவே கூடாதோ என்று சிலர் ஐயுறலாம். எழுதலாம், முறையறிந்து எழுதல் வேண்டும். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு வீழ்ந்தது. ஓராண்டு கழிந்தபின், 1946 ஆகஸ்டு 31ஆம் நாளிட்ட 'நியூயார்க்கர்' இதழ் முழுவதையும் ஜான் ஹெர்சி எழுதிய ஒரே கட்டுரைக்கு ஒதுக்கினர். அதில் அவர் ஒரு நகரின் துன்பத்தைப் பொதுப்படப் புலம்பவில்லை. உயிர்தப்பிய அறுவரை எடுத்துக்கொண்டார். மருத்துவர் இருவர், ஜெர்மன் நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஒருவர், மெதடிஸ்ட் போதகர் ஒருவர், அலுவலகத்திற் பணிபுரிந்த பெண் ஒருவர், பிள்ளைகளை வளர்த்துவந்த கைம்பெண் ஒருவர் என்னும் இவ்வறுவரும் குண்டு வீழ்ந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதிலிருந்து தொடங்கி, அவர்கள் கண்டதையும் செய்ததையும் அமைதியான நடையில் உரைத்தார். ஆசிரியர் அழவில்லை, படித்தவர் அழுதனர். அறுவர் என்று எண்ணிச் சொன்னமையால், அவர் எழுதியதில் மிகையென்று தள்ளத்தக்கது ஒன்றுமில்லாமற் போயிற்று.

நம் செய்தித்தாள்களில்

இனி நம் மொழியில் வெளிவரும் நாளிதழ்களை நோக்குவோம். "பரபரப்பு" என்னும் சொல் இல்லாத பக்கத்தைக் காண்டல் அரிது. குளத்தில் முதலை தோன்றினும் பரபரப்பு. அமைச்சர் வரினும் பரபரப்பு. எல்லாவற்றிற்கும் உரியதாகிய சொல் ஒன்றிற்கும் உரியதாகாது. "ஊரே சோகத்தில் மூழ்கியது" என்பதும் அத்தகையதே. இவை வாசகரைச் சலிப்பிப்பதன்றி வேறு தீமை செய்யா என்று விட்டுவிடலாம். ஆனால் "பதற்றம் நிலவுகிறது" என்னும் தொடரை அவ்வாறு விடுதற்கில்லை.

ஓரூரில் இரு சாரார்க்குள் ஓரிரவு கைகலப்பு நிகழ்ந்ததாகக் கொள்வோம். மறுநாள், "ஊர் முழுதும் பதற்றம்" என்று செய்தி வருகின்றது. அதனைப் படித்த தாய் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாள். கடைக்காரர் கதவைத் திறவார். வெளியூரிலுள்ள உறவினர் திரண்டு வருவர். நேற்று ஒரு தெருவில் மட்டும் இருந்த பதற்றம் இன்று மெய்யாகவே ஊர் முழுதும் பரவிவிடும். எழுதியவர் கண்டதை எழுதவில்லை; எழுதியதை உண்டாக்கினார்.

அதே செய்தியை வேறுவகையாகவும் எழுதலாம். "கைகலப்பு நிகழ்ந்த தெருவில் காலை பத்து மணி வரை கடைகள் திறக்கவில்லை. அத்தெருமுனையில் காவலர் அறுவர் நின்றனர். அடுத்த தெருவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகள் வழக்கம்போல வந்தனர். சந்தையில் இரு சாராரும் காய்கறி வாங்கினர்." இவ்வாறு எழுதின் அச்சமும் மறைக்கப்படவில்லை, அமைதியும் மறைக்கப்படவில்லை. தாய் தானே முடிவு செய்துகொள்வாள். முன்னைய செய்தியை அலுவலகத்தில் இருந்துகொண்டே எழுதிவிடலாம். பின்னையதை எழுதுதற்குத் தெருவிற்குச் சென்றே ஆகவேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நடையழகில் இல்லை. நடந்து சென்ற காலில் உள்ளது.

கொள்ளத்தக்க முறை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மனநிலையை எழுதுவார் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்கவை ஐந்து எனலாம்.

முதலாவது, எவருடைய மனநிலை? "மக்கள்" என்பது விடையாகாது. எந்த மக்கள், எத்துணையர் என்பதே விடை.

இரண்டாவது, எங்கே, எப்பொழுது? ஒரு சதுக்கத்தின் இரவு ஒரு நாட்டின் ஆண்டு ஆகாது.

மூன்றாவது, எந்த அடையாளத்தால் அறிந்தோம்? உயராத கை, நடக்கும் காலடி, திறவாத கடை ஆகிய இவை போன்ற மெய்ப்பாடு ஒன்றேனும் இன்றி உணர்ச்சிச் சொல்லை எழுதுதல் தகாது.

நான்காவது, மாறான அடையாளத்தையும் தேடினோமோ? அரண்மனை முன் பாடியோரைக் கண்டவர், சேமிப்பு நிலையத்தின் வாயிலையும் சென்று காணுதல் வேண்டும்.

ஐந்தாவது, இவ்வுணர்ச்சி அவர்களுடையதோ, நம்முடையதோ?

இவ்விலக்கணம் பத்திரிகையாளர்க்கு மட்டும் உரியதன்று. நண்பர்க்குக் கடிதம் எழுதுவோரும், கூட்டத்தில் நின்று "நாட்டு மக்கள் அனைவரும் விரும்புகின்றனர்" என்று முழங்குவோரும், கேட்டதை மறுகணமே பலர்க்கு அனுப்பிவிடுவோரும் இதற்குக் கட்டுப்பட்டவரே.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். தனி ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிடின், அவர் மறுப்புக் கடிதம் எழுதுவார், வழக்கும் தொடுப்பார். "மக்கள்" என்று பொதுப்பட எழுதப்பட்டோர்க்கு அவ்வழி இல்லை. பெர்லின் நகரத்துக் கடை வாயிலில் நின்ற அப்பெண் எந்தப் பத்திரிகைக்கும், "நான் களிக்கவில்லை" என்று எழுதியனுப்ப இயலவில்லை. அவள் பொருட்டு அம்மறுப்பை எழுதுதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று ஒரு வரலாற்றாசிரியர் வரவேண்டியிருந்தது. மறுக்க இயலாதார்மீது சான்று பகர்வோர், மறுக்க இயன்றவர்மீது பகர்வோரினும் பன்மடங்கு எச்சரிக்கையாக இருத்தல் கடன். இக்கல்லூரியினின்று எழுதுகோலேந்திச் செல்லும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.